ஆன்பொருநைக் கரையோரம் – 3: முட்டைக்கும் நாற்றுக்கும் ஒரே தண்ணீர்

உடுமலை வட்டாரத்தில் காலையில் செய்தித்தாளை விரிக்கும் விவசாயி முதலில் தேடுவது ஒரு சின்னக் கட்டத்தை. அமராவதி அணை, மொத்த உயரம் 90 அடி, இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. நாலே வரிதான். அந்த நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் கல்லாபுரத்துக்காரர் நாற்றங்காலில் விதை போடலாமா என்று முடிவு செய்கிறார். தாராபுரத்துக்காரர், நிற்கிற பயிரை இன்னும் எத்தனை நாளைக்குத் தாக்காட்ட முடியும் என்று கணக்குப் போடுகிறார்.

அந்த 90 அடிக்குள் ஏறி இறங்கும் தண்ணீரை நம்பி இன்னோர் உயிரும் தன் குஞ்சு குட்டிகளைக் காப்பாற்றி வருகிறது. தென்னிந்தியாவில் காட்டில் தானாக இனம்பெருக்கி வாழும் சதுப்பு நில முதலைகளின் பெரிய கூட்டம் இந்த நீர்த்தேக்கத்திலும் இதில் வந்து சேரும் மூன்று ஆறுகளிலும்தான் இருக்கிறது. அமராவதி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது முதலைப் பண்ணை. பண்ணைச் சுவருக்கு வெளியே, ஆற்றிலேயே முதலை இருப்பதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் குறைவு. இந்த வாரம் அந்தப் பண்ணைக்கும், பிறகு அதை ஒட்டிய ஆற்றுக்கும் போகிறோம்.

சென்ற இரண்டு வாரங்களில் மேலிருந்து இறங்கி வந்தோம். ஆனைமுடியின் சரிவில் பிறந்து, மறையூரின் கரும்புக் காடுகளைத் தொட்டு, தூவானத்தில் அருவியாக விழும் பாம்பாறு. இரு மாநில எல்லையில் ஓடும் சின்னாறு. பழனி மலையின் மேற்குச் சரிவில் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வழியாக வரும் தேனாறு. இந்த மூன்றும் கூடித்தான் அமராவதி ஆகிறது. சங்கப் பாடல்களில் ஆன்பொருநை என்று வருவது இந்த ஆறே. கரூரைத் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கும் வரை சுமார் 280 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் தலைவாசலில் 1957-ல் அணை கட்டி முடிக்கப்பட்டது. கொள்ளளவு 4 டி.எம்.சி.க்குச் சற்று மேல். மேட்டூரோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனாலும் 54,637 ஏக்கர் இதை நம்பி இருக்கிறது.

உடுமலையிலிருந்து மூணாறு சாலையில் தெற்கே திரும்பினால் குறிச்சிக்கோட்டை வரை தென்னந்தோப்புகள். அதன் பிறகு தோப்புகள் குறைந்து மலை எதிரே வந்து நிற்கும். பிரிந்து உள்ளே போனால் அமராவதிநகர். 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளியின் நீண்ட மதில் ஒரு பக்கம், அணையின் கரை இன்னொரு பக்கம். முதலைப் பண்ணை அணைக்கு மிக அருகிலேயே வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது.

பண்ணைக்குள் போகிறவர்களுக்கு முதல் சில நிமிடங்கள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தொட்டிகளும் சுற்றுச்சுவர்களும் கம்பிவலையும் மரநிழலும் தெரியும். நிழலில் ஏழெட்டு முதலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எதுவும் அசையாது. சில முதலைகள் வாயை அகலத் திறந்து வைத்தபடியே கிடக்கும். "இது பொம்மைங்களாப்பா?" என்று ஒரு குழந்தை கேட்டது. அப்பா பதில் சொல்வதற்குள் பின்னால் நின்ற ஓர் இளைஞர் சரளைக்கல் ஒன்றைப் பொறுக்கிவிட்டார். பண்ணையில் வேலை பார்க்கும் பெரியவர் ஓடி வந்தார்.

"கல்லெல்லாம் எறியக்கூடாதுங்க தம்பி. அது வெயில் காயுது. வாயைத் தொறந்து வெச்சிருக்கறது நம்மளைக் கடிக்கறதுக்கில்லீங்க, சூட்டைத் தணிச்சுக்கறதுக்கு. அது உசுரோடதான் இருக்குது."

பெரியவர் சொன்னது அப்படியே சரி. முதலைக்கு வியர்க்காது. உடம்பின் வெப்பத்தை உள்ளிருந்து உண்டாக்கிக்கொள்ளவும் அதனால் முடியாது. காலையில் வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்ளும். சூடு மிஞ்சினால் வாயைத் திறந்து ஆற்றிக்கொள்ளும், இல்லையென்றால் தண்ணீருக்குள் இறங்கிவிடும். இந்த ஏற்பாட்டால் அதற்கு இரை மிகக் குறைவாகவே போதும். அசையாமல் கிடப்பது சோம்பலால் அல்ல, சிக்கனத்தால். கோடையில் இரை அருகிப்போகும் ஆறுகளில் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்த உடம்பு அது.

இந்தப் பண்ணை ஏன் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐம்பது, அறுபதுகளில் முதலைத் தோலுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. செருப்பு, கைப்பை, இடுப்புவார் என்று பல பொருள்களுக்காக இந்திய ஆறுகளில் முதலைகள் சுடப்பட்டன. இரவில் விளக்கடித்தால் முதலையின் கண் சிவப்பாகத் திருப்பி மின்னும். வேட்டைக்காரருக்கு அந்த மின்னல் போதும். முட்டைகளையும் தோண்டி எடுத்துப்போனார்கள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து முதலையை முதல் அட்டவணையில் சேர்த்தபோது பல ஆறுகள் காலியாகிவிட்டிருந்தன. சட்டம் இருந்தால் மட்டும் ஆற்றில் முதலை திரும்பாது என்பதால், 1975-ல் இந்திய அரசு ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியோடு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஒடிசாவில் ஆரம்பித்த அந்த வேலை மறு ஆண்டே அமராவதிக்கும் வந்தது. வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கரின் சென்னை முதலைப் பண்ணை உருவானதும் அதே 1976-ல்தான். அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் என்று தமிழ்நாட்டில் முதலைக்குத் தொட்டில் கட்டிய இடங்கள் சில. அமராவதிக்கு மட்டும் கூடுதலாக ஒரு பேறு உண்டு. இங்கே ஆற்றில் முதலை முழுதாக அழிந்துபோகவில்லை. முட்டைக்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை, நீர்த்தேக்கத்தின் கரைகளில் நடந்தால் போதும்.

முட்டை எடுப்பது எளிய வேலை இல்லை. தாய் முதலை தண்ணீரை விட்டு ஏறி, கரை மேட்டில் பின்னங்கால்களால் குழி தோண்டும். ஏறக்குறைய ஒரு முழ ஆழம். அதில் இருபத்தைந்து, முப்பது முட்டை இட்டு, மண்ணை மூடி, வயிற்றால் அழுத்திச் சமன் செய்துவிட்டுப் போகும். பழகாத கண்ணுக்கு அந்த இடம் தெரியவே தெரியாது. தோண்டி எடுக்கும்போது முட்டை எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அதே பக்கம் மேலாகவே இருக்க வேண்டும். இட்ட ஒரு நாளுக்குள் கரு மேல்பக்க ஓட்டில் ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு முட்டையை உருட்டினால் கரு செத்துப்போகும். அதனால் ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் குறியிட்டு, கூட்டு மண்ணையே பரப்பிய பெட்டியில் வைத்து, குலுங்காமல் தூக்கிவர வேண்டும். ஜீப் போக வழியில்லாத, யானை நடமாடும் கரைகளில் இதைச் செய்தார்கள். அந்தக் காலத்தில் இதில் பாடுபட்ட கடைநிலை ஊழியர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இந்த ஆற்றில் இன்று முதலை இருப்பதற்கு அவர்களும் காரணம்.

முட்டையின் இன்னொரு வியப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதலைக்கு ஆண் குஞ்சு பெண் குஞ்சு என்பது கருவுறும்போது தீர்மானமாவதில்லை. கூட்டு மண்ணின் வெப்பம்தான் அதைத் தீர்மானிக்கிறது. 32.5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் ஆண்கள் மிகுதி. அதைவிடக் குளிர்ந்திருந்தால் பெண்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நீளும் அடைகாலத்தின் நடுப்பகுதியில் மண் எவ்வளவு சூடாக இருந்தது என்பதே கேள்வி. கரையில் ஒரு மரம் நிழல் தருகிறதா, அந்த மரத்தை யாராவது வெட்டிவிட்டார்களா என்பது வரை குஞ்சுகளின் பாலினத்தைத் தொடும். பூமி சூடாகிக்கொண்டிருக்கும் இந்நாளில் இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை எனக்கு.

பொரிக்கும் நாளில் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் கூவும். காட்டில் இருந்தால் தாய் அந்தக் குரலைக் கேட்டு வந்து மண்ணைத் தோண்டும். உடையாத முட்டையை வாயில் வைத்து மெல்ல அழுத்தி உடைத்துவிடும். குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக்கொண்டே தண்ணீருக்குக் கொண்டுபோகும். சதுப்பு நில முதலையில் தந்தையும் இந்த வேலையைச் செய்வதுண்டு என்பதைச் சென்னை முதலைப் பண்ணையில் கண்டறிந்தார்கள். இத்தனை பாதுகாப்பு இருந்தும் காட்டில் பிறக்கும் குஞ்சுகளில் மிகச் சிலவே ஓராண்டைத் தாண்டும். உடும்பு, நாரை, பெரிய மீன், பெரிய முதலை என்று எல்லாவற்றுக்கும் அவை இரை. பண்ணை செய்த உதவி இந்த இடத்தில்தான். ஆபத்தான அந்த முதல் பருவத்தைத் தொட்டிக்குள் கழிக்க வைத்து, மூன்று நான்கு அடி வளர்ந்த பிறகு நீருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் நடுவில், போதும் என்ற நிலை வந்தது. விடுவதற்குத் தகுந்த நீர்நிலைகள் நிறைந்துவிட்டன, பண்ணைகளில் இடமும் இல்லை. வளர்த்து விடும் பணி நாடு முழுவதும் அடங்கியது. இப்போது அமராவதிப் பண்ணைச் சுவர்களுக்குள் நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் இருப்பவை அந்த முயற்சியின் மிச்சம். முதலைக்கு நாற்பது, ஐம்பது ஆண்டு ஆயுள் சாதாரணம். சுவருக்குள் கிடக்கும் பெரியவற்றில் சில, அந்த வேலை நடந்த காலத்தையே பார்த்தவையாக இருக்கலாம்.

ஆகவே பண்ணைக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. உள்ளே கிடப்பவற்றைப் பார்த்த பிறகு தயவுசெய்து அணைக்கரைக்கு ஏறுங்கள். பண்ணையின் பலன் அங்கேதான் இருக்கிறது.

கரைமேல் நின்றால் ஒன்பது சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த தண்ணீர். தெற்கே ஆனைமலைத் தொடரும் பழனித் தொடரும் நெருங்கி வந்து, நடுவே ஆறு வரும் வாசலை மட்டும் விட்டு நிற்கின்றன. நீர்த்தேக்கத்தின் அந்தப் பக்கம் முழுக்க ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதி வனச்சரகம். கோடை முற்றினால் பகலிலேயே யானைகள் கூட்டமாக இறங்கி வந்து தண்ணீர் குடிக்கும். மூணாறு சாலையில் ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டிப் போகும் வண்டிகள் யானைக்காகக் காத்து நிற்பதும் இதனால்தான். அவை சாலையைக் கடப்பது அணையின் தண்ணீருக்கு. நான் போன நாளில் யானை இல்லை. ஆலாப் பறவைகள் நீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தன. ஒரு பாறையின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. இரண்டு பரிசல்கள் வலையோடு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கூடவே வந்தவர் கை நீட்டிக் காட்டிய திசையில் வெகுநேரம் பார்த்த பிறகுதான், மரக்கட்டை என்று நினைத்தது மெல்லத் திரும்பித் தண்ணீருக்குள் போவது தெரிந்தது.

பரிசல்காரர்களுக்கும் முதலைக்கும் உள்ள உறவு எழுதத் தகுந்தது. இருவருக்கும் தேவை ஒரே மீன். அமராவதியில் ஜிலேபி மீன் பேர்போனது. கட்லாவும் ரோகுவும் கூட உண்டு. வலையில் சிக்கிய மீனை முதலை இழுக்கும், வலை கிழியும். மீனவருக்கு அது ஒரு நாள் கூலி. ஆனாலும் அவர்கள் பேச்சில் வெறுப்பு இல்லை. கரையோரக் கடையில் மீன் வறுத்துக் கொடுத்த அம்மா சொன்னார்: "அதுக்கும் வவுறு இருக்குதுங்களே சாமி. நாமதான் அது ஊட்டுக்குள்ள வலையப் போடறோம். நாம பாத்து நடந்துக்கோணும்." வறுத்த மீனைவிட அந்தச் சொல் எனக்கு அன்று அதிகம் நிறைவு தந்தது.

இனி நீர்மட்டத்துக்கு வருவோம். இந்த அணையின் தண்ணீர் உடுமலையின் மழையை நம்பி இல்லை. அணைக்கு மேலே சின்னாறு வனம் மழைமறைவுப் பகுதி, ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவே மழை. கள்ளியும் முள்மரமும் நிற்கும் காடு அது. தண்ணீர் வருவது அதற்கும் மேலே, மூணாறு, மறையூர், காந்தளூர் மலைகளிலிருந்து. தென்மேற்குப் பருவத்தில் அங்கே கொட்டினால் இங்கே ஒரு தூறல்கூட இல்லாமல் அணை ஏறும். உடுமலையில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, "மூணாறுல நல்ல மழையாமுங்க" என்ற செய்தி ஒன்றே போதும், கல்லாபுரம் டீக்கடையில் முகங்கள் மாறிவிடும்.

பருவம் ஓய்ந்த பிறகு பாசனத்துக்குத் திறக்கத் திறக்க மட்டம் இறங்கும். தை, மாசியில் கரைகள் வெளிப்படும். ஈரம் காய்ந்த மணல் மேடுகளும் வண்டல் சரிவுகளும் வெயிலைப் பார்க்கும். முதலை முட்டையிடுவது அப்போதுதான், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. குஞ்சு பொரிவது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. ஜூன், ஜூலையில் புதுத்தண்ணீர் வந்து அந்தக் கரைகள் மூழ்கும்போது குஞ்சுகள் நீருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அணை கட்டுவதற்கு யுகங்களுக்கு முன்பே, கோடையில் மெலிந்து ஆடியில் பெருகும் ஆற்றைப் பார்த்து முதலை பழகிக்கொண்ட கணக்கு இது. மனிதன் கட்டிய அணையும் ஏறக்குறைய அதே தாளத்தில் ஏறி இறங்குவதால் கணக்கு இன்னும் தப்பாமல் இருக்கிறது.

தப்பினால் என்ன ஆகும்? கோடைமழை மேலே வலுத்து மே மாதத்திலேயே வெள்ளம் வந்தால், தாழ்வான கரையில் இட்ட முட்டைகள் மூழ்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியாகத்தான் கரு மூச்சு விடுகிறது, தண்ணீருக்குள் அது தாங்காது. மழை பொய்த்து அணை குட்டையாகிவிட்டால் வேறு விதமான தொல்லை. கரையில் வளை தோண்டிப் பல அடி உள்ளே போய் முதலை கோடையைக் கழிக்கும். வளைக்கும் இடமில்லாதவை இரவில் நிலத்தில் நடந்து வேறு தண்ணீர் தேடிப் போகும்.

வறண்ட ஆண்டுகளில் அணையின் வண்டலை விவசாயிகள் அள்ளிக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. மிக நல்ல காரியம். அறுபது ஆண்டுக்கு மேல் படிந்த மண்ணை எடுத்தால் அணைக்குக் கொள்ளளவு கூடும், காட்டு மேட்டுக்கு உரம் கிடைக்கும். ஆனால் வண்டல் அள்ளும் காலமும் முட்டை மண்ணுக்குள் இருக்கும் காலமும் ஒன்றே. பொக்லைன் இறங்குவதற்கு முன் வனத்துறையும் நீர்வளத்துறையும் சேர்ந்து ஒரு நாள் கரையைச் சுற்றி நடந்து, கூடுள்ள மேடுகளுக்குக் கொடி நட்டுவிட்டால் போதும். ஆற்றங்கரையில் கூடு தேடத் தெரிந்த துறை வனத்துறை. ஐம்பது ஆண்டுக்கு முன்பே செய்து பழகிய வேலை. அள்ளுவதற்கு மற்ற கரை ஏராளமாக இருக்கிறது.

அணையை விட்டுக் கீழே இறங்கினால் வேறு உலகம். மதகிலிருந்து ஆறாகவும் பிரதானக் கால்வாயாகவும் தண்ணீர் பிரிகிறது. கால்வாய் புதிய ஆயக்கட்டு 25,250 ஏக்கருக்கு. ஆறு பழைய ஆயக்கட்டு 29,387 ஏக்கருக்கு. பழையது என்றால் அணைக்கும் முந்தியது. ஆற்றின் குறுக்கே அங்கங்கே தடுப்பு கட்டி, கரையோரமாக வாய்க்கால் வெட்டி, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன ராஜவாய்க்கால்கள் இங்கே எட்டு. கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு. கொங்கு என்றாலே புன்செய்க் காடு, சோளம், கம்பு, ஆழ்கிணறு என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை கல்லாபுரத்துக்கு வர வேண்டும். மலையடிவாரம் வரை நெல். வரப்பெல்லாம் தென்னை. வாய்க்கால் நிறைய ஓடும் தண்ணீரின் சத்தம் ஊருக்குள்ளேயே கேட்கிறது.

மடை திருப்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏனுங், இந்த வாய்க்கால்ல முதலை வருங்களா?"

"வாய்க்கால்ல நான் பாத்ததில்லீங்க. ஆத்துல உண்டு. வெள்ளத்துல அடிச்சுட்டு வருமாட்ட இருக்குது. அக்கட்ட பாறைமேல படுத்துக் கெடக்கும். ஆளைக் கண்டா இறங்கிப் போயிரும்."

"பயமில்லீங்களா?"

"பயமில்லாமீங்களா? மாடு கன்னைத் தண்ணிக்கு விடறப்ப பாத்துத்தான் விடறோம். புள்ளைங்களை ஆத்துக்கு விடறதே இல்லை. அதொண்ணும் பெரிசில்லீங்க. பன்னியும் மயிலும்தான் வெள்ளாமையை விடமாட்டேங்குது."

பண்ணையாரானாலும் கூலியாளானாலும் இந்தப் பக்கத்தில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அணைக்குக் கீழே மடத்துக்குளம் வட்டாரம் வரைக்கும் ஆற்றில் முதலை தென்பட்டதாக அவ்வப்போது செய்தி வரும். வனத்துறையினர் வந்து தேடுவார்கள், கிடைத்தால் பிடித்து அணையில் விடுவார்கள். சதுப்பு நில முதலை மனிதரைத் தாக்கக்கூடியதே. அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆற்றில் துணி துவைக்கிறவர்களுக்கும் மாடு குளிப்பாட்டுகிறவர்களுக்கும் எந்தக் கயத்தில் முதலை இருக்கிறது என்று சொல்ல வேண்டியது அரசின் கடமை. பண்ணைக்கு வருகிற பள்ளிக் குழந்தைகளுக்கு முதலையின் நீளத்தையும் எடையையும் சொல்கிறோம். கல்லாபுரம், குமரலிங்கம் பள்ளிக் குழந்தைகளுக்கு இன்னொன்றும் சொல்லித்தர வேண்டும்: அந்தி மயங்கிய பிறகு ஆற்றில் இறங்காதே, கலங்கிய கயத்தின் ஓரத்தில் குந்தாதே, மீன் கழுவிய தண்ணீரை நீ குளிக்கும் துறையில் ஊற்றாதே, கரையில் குஞ்சு கண்டால் தொடாதே, தாய் பக்கத்திலேயே இருக்கும். முதலையோடு வாழ்கிற ஊருக்கு இவையெல்லாம் வாய்ப்பாட்டைப் போலத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே இருந்து வரும் தண்ணீருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுக்கு உரியது 3 டி.எம்.சி. 2018-ல் உச்ச நீதிமன்றமும் கேரளத்தின் பங்கை மாற்றவில்லை. காந்தளூர் பக்கத்துப் பட்டிசேரியில் அணை வேலை தொடங்கியபோது உடுமலை, தாராபுரம் விவசாயிகள் கலங்கியது இதனால்தான். மேலே இருப்பவர்களும் விவசாயிகள், அவர்களுக்கும் கேரட்டும் பூண்டும் கரும்பும் விளைய வேண்டும். தீர்ப்புக்குள் அவரவர் பங்கு அவரவர்க்கு. என் கவலை வேறு. பங்கீட்டுப் பேச்சில் ஆற்றுக்கென்று ஒரு பங்கை யாரும் கேட்பதில்லை. கோடையில் அணைக்கு மேலே உள்ள கூட்டாற்றில் கயங்கள் வற்றாமல் இருக்கும் அளவுக்காவது ஓட்டம் வேண்டும். தளிஞ்சி மலைக்கிராம மக்கள் கடந்து போகும் ஆறு அது. கரையில் நீர்மருதும் நாவலும் நின்று, சாம்பல் நிற மலை அணிலுக்குக் கிளைப்பாதை போட்டுக் கொடுக்கும் ஆறு. நீர்நாய் குட்டி வளர்ப்பதும் முதலை கோடையைக் கடத்துவதும் அந்தக் கயங்களில்தான்.

கீழே போகப் போக வேறொன்று குறைகிறது. புறநானூற்றின் பதினோராம் பாட்டில், வஞ்சி நகரத்துப் பெண்பிள்ளைகள் பொருநை மணலில் பாவை செய்து விளையாடுகிறார்கள். பாடியவர் பேய்மகள் இளவெயினி என்னும் பெண்பாற் புலவர். கரூரில் அதே ஆற்று மணலிலிருந்து சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் பொறுக்கி எடுக்கப்பட்டன. இன்று தாராபுரத்துக்குக் கீழே பல இடங்களில் ஆறு பாறையும் சீமைக்கருவேலும் ஆகிக் கிடக்கிறது. பாவை செய்ய மணல் இல்லை. அணைக்கு மேலே அந்த மணல் இன்னும் இருக்கிறது. அதில்தான் மாசியில் முதலை முட்டையிடுகிறது.

குமரலிங்கம் போகும் வழியில் ராமகுளம் வாய்க்கால் பிரியும் இடத்துக்கு வந்தபோது பொழுதாகிவிட்டது. அங்கே வாய்க்கால் முறைப்படி எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது எழுத்தில் இல்லாமல் தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. அந்த முறைப்பாட்டையும், அதற்குப் பொறுப்பான நீர்பாய்ச்சிகளையும், கொழுமத்திலும் கடத்தூரிலும் ஆற்றங்கரையில் நிற்கும் கோயில்களையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)